பிப்பெட்டு சொன்ன யோசனை

சேலம் ஜில்லாவில் விஞ்ஞானம் வளர்ந்ததற்கு ஒரே ஆள்தான் காரணம். வளராமல் போனதற்கும் அதே ஆள்தான் காரணம். இதை எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சூடம் அணைத்துச் சொல்வேன். இத்தனைக்கும் அவர் விஞ்ஞானி இல்லை, இன்டர்மீடியட்டில் ரசாயனப் பாடத்தில் கோட்டை விட்டவர்.

முப்பதுகளின் நடுவில் சூரமங்கலத்துப் பக்கம் ஓர் ஆராய்ச்சிக்கூடம் இருந்தது. ஜில்லாவின் கிணற்றுத் தண்ணீரையெல்லாம் சோதிக்கிற இடம். நாங்கள் நான்கு பேர் அங்கே ஆராய்ச்சி மாணவர்கள். கண்ணாடிச் சாமான் ஸ்டோருக்கு அவர் பொறுப்பு. திரவத்தை உறிஞ்சி அளக்கிற பிப்பெட்டு என்ற குழாயைப் பார்த்திருப்பீர்கள். மேலும் கீழும் ஒல்லி, நடுவில் மட்டும் உப்பல். நம் ஆளுக்கும் அதே உடம்பு. அதனால் எங்களுக்கு அவர் பிப்பெட்டு. அதற்காக அவர் கோபித்துக்கொண்டதே இல்லை. "பத்து சி.சி.யா, அம்பது சி.சி.யான்னு கேக்காத வரைக்கும் சரிங்க" என்பார்.

அவருக்கும் எனக்கும் வயதில் இரண்டு வருஷம்தான் வித்தியாசம். ஆனாலும் எங்கள் நால்வரையும் முன்னுக்குக் கொண்டுவருவது தன் கடமை என்று அவராகவே தீர்மானித்துவிட்டார். ஒரு திங்கட்கிழமை என்னிடம் வந்தார்.

"நோட்டுல எல்லாத்தையும் எழுதோணுமுங்க சாமி. தும்முனீங்கன்னா அதையும் எழுதிப் போடுங்க."

எழுதினேன். வியாழக்கிழமை அதைப் புரட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க, தும்முனதையெல்லாமா எழுதுவாங்க? பெரியவரு பாத்தா ஊட்டுக்கு அனுப்பிப் போடுவாருங்க."

கிழித்தேன். சனிக்கிழமை, "ஏடு கிழிஞ்ச நோட்டை எவனுங்க நம்புவான்?" என்று என்னையே கடிந்துகொண்டார். அட கடவுளே, அந்த வாரம் நான் தண்ணீரைச் சோதித்தேனா, என்னைச் சோதித்தார்களா என்றே எனக்கு விளங்கவில்லை.

பின்னே ஏன் அவர் பேச்சைக் கேட்டீர்கள் என்பீர்கள். ஆராய்ச்சிக்கூடத்தின் தலைவரான எங்கள் பெரியவர் மாதம் ஒரு தடவை வந்து, "நடக்கட்டும், நடக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். எங்களுக்கு வேறு நாதியில்லை. பிப்பெட்டு பேச்சைக் கேட்ட ஒருவனுக்குக் கோயமுத்தூரில் வேலை கிடைத்தது. கேட்காத ஒருவனுக்குப் பெங்களூரில் கிடைத்தது. இதை வைத்து நீங்கள் என்ன முடிவுக்கு வருவீர்கள்? நானும் அந்த முடிவுக்குத்தான் வந்தேன்.

இந்த நிலையில் மேட்டூரில் புதிதாக வந்துகொண்டிருந்த ஒரு ரசாயனத் தொழிற்சாலைக்கு உதவி ரசாயனர் வேண்டும் என்று விளம்பரம் வந்தது. என் ஆராய்ச்சிக் காலம் சித்திரையோடு முடிகிறது. வேலை கிடைக்காவிட்டால் ராசிபுரத்தில் என் மாமாவின் நெய்க்கடையில் போய் உட்கார வேண்டும். அங்கே எனக்கென்று முக்காலிகூடப் போட்டு வைத்துவிட்டார்கள். நெய் வாசனை எனக்குக் குமட்டும் என்பதை மாமாவிடம் சொல்லும் தைரியம் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லை. விண்ணப்பம் போட்டேன். நேரில் வரச் சொல்லிக் கடிதம் வந்தது.

பிப்பெட்டு ஸ்டோரைப் பூட்டிவிட்டுக் களத்தில் இறங்கினார்.

"உங்க ஆராய்ச்சி என்னன்னு கேப்பாங்க. அதை ஜட்கா வண்டிக்காரருக்குப் புரியறாப்ல சொல்லிப் பழகோணும். வண்டி டவுனுக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள அவருக்கு விளங்குச்சுன்னா நீங்க பாஸுங்க."

ஜட்காவில் ஏறினோம். குதிரையின் வாலைப் பார்த்துக்கொண்டே, எந்தெந்த ஊர்க் கிணற்றில் எவ்வளவு உப்பு என்று இரண்டு வருஷம் உழைத்துக் கண்டுபிடித்ததையெல்லாம் ஒப்பித்தேன். வண்டிக்காரர் பொறுமையாகக் கேட்டார். பிறகு திரும்பிப் பார்த்தார்.

"இதுக்கு எதுக்குங்க சாமி ரெண்டு வருசம்? நாக்குல வெச்சாத் தெரிஞ்சிராதுங்களா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிப்பெட்டைப் பார்த்தேன். அவரும் முழித்தார். "நாயந்தானுங்களே!" என்றார். அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. நாக்கு செய்கிற வேலைக்கா இத்தனை பாட்டில்களைக் கழுவினேன்?

நேர்காணலுக்கு முந்தின நாள் பிப்பெட்டு என் கையைப் பிடித்துப் பார்த்தார். போன வாரம்தான் நகம் வெட்டச் சொல்லி, சோப்புப் போடச் சொல்லி, கையைப் பளபளவென்று ஆக்க வைத்தவர் அவர்.

"ஐயையோ, வேலை செய்யற கையாட்டமே இல்லீங்களே! நெய்க்கடை மொதலாளி கையாட்டமல்ல இருக்குது!"

நெய்க்கடை என்றதும் அடுத்து என்ன செய்யலாம் என்று அவரையே கேட்டேன். உப்பை அளக்கும் டைட்ரேஷன் சோதனைக்கு நாங்கள் பயன்படுத்திய சில்வர் நைட்ரேட் தோலில் பட்டால், வெயிலில் கருத்துப்போகும். பல நாளைக்குப் போகாது. அதை விரலில் கொஞ்சம் தடவிக்கொண்டால் உழைப்பாளி என்று தெரியுமாம். தடவிக்கொண்டு வெயிலில் நின்றேன். சித்திரை வெயில். நெற்றி வியர்த்தது. துடைத்தேன்.

சாயங்காலம் கண்ணாடியில் பார்த்தால் பத்து விரலும் கரி, நெற்றியில் குறுக்கே பட்டையாக ஒரு கறுப்புக் கோடு. பிப்பெட்டு தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஒரு சொட்டுன்னுதானுங்களே சொன்னேன்!"

"மூணு சொட்டுன்னு சொன்னீரய்யா!"

"மூணுன்னா சொன்னேன்? அது வேற யாருக்கோ சொன்னதுங்க!"

மறுநாள் மேட்டூரில் மூன்று அதிகாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர் குலுக்கக் கையை நீட்டினார், என் விரலைப் பார்த்ததும் இழுத்துக்கொண்டார்.

"தோல் வியாதியா?"

"இல்லை, சில்வர் நைட்ரேட்."

"நெற்றியிலுமா டைட்ரேஷன் செய்தீர்?"

உண்மையைச் சொல்லிவிட்டேன். உழைப்பாளி மாதிரித் தெரியட்டும் என்று ஒருவர் தடவிக்கொள்ளச் சொன்னார் என்றேன். மூன்று பேரும் மேஜையைத் தட்டிச் சிரித்தார்கள். அப்புறம் ஆராய்ச்சியைப் பற்றிக் கேட்டார்கள். மனப்பாடம் செய்ததெல்லாம் பறந்துபோய்விட்டது.

"கிணற்றில் உப்பு இருக்கிறதா என்று பார்த்தேன். அது நாக்கில் வைத்தாலே தெரியும்" என்று உளறினேன்.

"பிறகு எதற்கு இரண்டு வருஷம்?"

"அதுதான் எனக்கும் நாலு நாளாகக் குழப்பம். உப்பு இருக்கிறது என்று நாக்கு சொல்லும். எவ்வளவு, எங்கிருந்து வந்தது, அடுத்த வருஷம் கூடுமா என்று கேட்டால் நாக்குக்குத் தெரியாது. எனக்கும் பாதிதான் தெரியும்."

போகச் சொன்னார்கள். நெய்க்கடை முக்காலி கண்முன் வந்து நின்றது.

பத்து நாளில் வேலை உத்தரவு வந்தது! விரலால் கிடைத்ததா, நாக்கால் கிடைத்ததா, சிரிக்க வைத்ததால் கிடைத்ததா, இன்றுவரை எனக்குத் தெரியாது. பிற்பாடு ஒரு நாள் அந்த நடு அதிகாரியிடமே கேட்டேன். "உம்மையா எடுத்தோம்? உமக்கு அடுத்து வந்த பையனை என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்" என்றார்.

உத்தரவைப் பிப்பெட்டு எழுத்துக் கூட்டி மூன்று தடவை வாசித்தார். பக்கத்திலிருந்த ரயில்வே குடியிருப்பில் வீடு வீடாகப் போய்க் காட்டிவிட்டு வந்தார். நான் கிளம்பும் நாளன்று சேலம் ஜங்ஷனுக்கும் வந்தார். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு யோசனை சொல்ல ஆரம்பித்தார்.

"மொத மாசம் யாருகிட்டயும் வாயே தொறக்காதீங்க."

"சரி."

"மொத நாளே எல்லாருகிட்டயும் பேசிப் பழகிப் போடுங்க."

"சரிங்க."

மணி அடித்தது. அவர் கம்பியை விடவில்லை. வண்டி அசைந்ததும் கூடவே நடந்தார். ஒரு மாதமாக எனக்காக அலைந்த மனுஷர், முகம் கோணிப்போய்ச் சொன்னார்:

"போகாதீங்க சாமி. நெய்க்கடையே தேவலைங்க. ராசிபுரம்னா சைக்கிள்லயே வந்து பாத்துக்குவனுங்க."

அவர் சொன்ன ஆயிரம் யோசனைகளில் எனக்குக் குழப்பமே இல்லாமல் விளங்கியது அது ஒன்றுதான். அதை மட்டும் நான் கேட்கவில்லை.