கரண்டு ஏன் போனது என்று கேட்காதீர்கள்

ஆதியிலிருந்து ஆரம்பிப்பவர் என்றொரு இனம் நம்மிடையே நடமாடுகிறது. பயப்படாதீர்கள், கடிக்காது. கேட்டதற்குப் பதில் சொல்லும், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பதில் பூமி பிறந்த நாளிலிருந்து புறப்பட்டு வரும். பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டீர்களா? சக்கரம் கண்டுபிடித்த கதை முடிவதற்குள் பஸ் போய்விடும். பந்தியில் உப்புக் கேட்டீர்களா? வாலிநோக்கம் உப்பளத்தில் தொடங்கி, கடல் எப்படிக் கரித்தது என்பதுவரை பின்னோக்கிப் போய், ரசம் ஆறி, நீங்கள் இலையை மூடிய பிறகும் பேச்சு வந்துகொண்டிருக்கும். உப்பு வராது.

கடலாடியில் உரக்கடை வைத்திருக்கும் உக்கிரபாண்டி இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரி. நல்ல மனிதர். மகள் உமாமகேஸ்வரி என்றால் உயிர். அவளுடைய நிச்சயதார்த்தத்துக்கு மண்டபம் பிடித்ததிலிருந்து வாழைமரம் கட்டியதுவரை எல்லாவற்றையும் தானே நின்று பார்த்தார். ஜெனரேட்டர் சாவியைக்கூட வேறு யாரையும் நம்பிக் கொடுக்காமல் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டார். அதுதான் வினை.

தட்டு மாற்றப்போகிற நேரத்தில் கரண்டு போனது. சித்திரை வெயில். மேலே விசிறிகள் நின்றன, கீழே தாம்பாளங்கள் விசிறிகளாயின. மாப்பிள்ளையின் தாய்மாமன் வீரையா, ஊருக்குப் புதியவர், பாவம், துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார்:

"என்ன சம்பந்தி, கரண்டு ஏன் போயிருச்சு?"

கடலாடிக்காரர்கள் அத்தனை பேரும் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

"நல்லாக் கேட்டீக," என்றார் உக்கிரபாண்டி. "கரண்டு எதுல இருந்து வருது? நிலக்கரியில இருந்து. நிலக்கரி எதுல இருந்து வருது? முப்பது கோடி வருசத்துக்கு முன்னாடி பூமியில பெரிய பெரிய சதுப்புக் காடு இருந்துச்சு. மரமெல்லாம் தென்னையவிட ஒசரம். பட்டை பாம்புச் செதில் மாதிரி..."

"என்னங்க, ராகுகாலம் வருது," என்று மனைவி சண்முகவள்ளி பதறினாள். "சாவியக் குடுங்க."

"பொறு வள்ளி. இப்பத்தான் மரம் சாஞ்சிருக்கு."

சாய்ந்த மரம் சகதித் தண்ணீரில் விழுந்தது. காற்றுப் படாததால் முழுசாக மக்கவில்லை. அதன்மேல் இன்னொரு மரம், அதன்மேல் இன்னொன்று, அதன்மேல் சேறு, சேற்றின்மேல் மணல் என்று அடுக்கடுக்காக ஏறி, அழுத்தமும் சூடும் சேர்ந்து மரத்தைக் கரியாக்கிக்கொண்டிருக்க, மண்டபத்தில் அழுத்தமும் சூடும் அதைவிட வேகமாக ஏறின. ஐயருக்கு மந்திரம் மறந்தது. மணப்பெண்ணின் கண்மை கன்னத்துக்கு இறங்கியது. மாப்பிள்ளையின் அப்பா மருதுபாண்டி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"கரியாகி முடிஞ்சதும் சொல்லிவிடுங்க, வாரோம். எந்திரிங்கப்பா, இன்னொரு நாள் பாத்துக்கிருவோம்."

இன்னொரு நாள் என்று போனவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்திருக்கிறார்கள்?

உமாமகேஸ்வரி மேடையிலிருந்து இறங்கினாள். அப்பாவிடம் கோபித்துப் பயனில்லை. மனிதனுக்குக் கோபம் எப்படி வந்தது என்று ஆரம்பித்துவிடுவார். அருகே போய், குழைந்து கேட்டாள்.

"அய்யா, அந்தக் காட்டுல தும்பி இருந்துச்சுன்னு சொல்லுவீகளே, அது எம்புட்டுப் பெருசு?"

உக்கிரபாண்டியின் முகம் மலர்ந்தது. பெற்ற மகளே கேட்கிறாள்! "இம்புட்டு!" என்று இரண்டு கைகளையும் அகல விரித்தார். விரித்த கை விரித்தபடி இருக்க, அவர் பையிலிருந்து சாவியை உருவிக்கொண்டு, பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்தபடி பின்கட்டுக்கு ஓடினாள்.

ஜெனரேட்டர் இருமியது. பிறகு உறுமியது. விசிறிகள் சுழன்றன. எழுந்தவர்கள் காற்றுக்காக உட்கார்ந்தார்கள்; உட்கார்ந்த கையோடு அவர்களிடம் தட்டைக் கொடுத்துத் தட்டை வாங்கி, ராகுகாலத்துக்கு முன்பே நிச்சயத்தை முடித்துவிட்டாள் சண்முகவள்ளி. உக்கிரபாண்டி மட்டும் வீரையாவை ஒரு தூணோரம் ஒதுக்கி, மிச்சக் கரியை இறுக்கிக்கொண்டிருந்தார்.

மேடையில் மாப்பிள்ளை யோகேஸ்வரன் உமாமகேஸ்வரியின் பக்கம் மெல்லச் சாய்ந்தான். முதன்முதலாகப் பேசப்போகிறான். அவளும் காதைச் சாய்த்தாள்.

"அம்புட்டுப் பெரிய தும்பி எப்படிப் பறந்துச்சு தெரியுமா? அப்ப காத்துல ஆக்சிஜன் சாஸ்தி. ஏன் சாஸ்தின்னா, ஆதியில..."

உமாமகேஸ்வரி அம்மாவைப் பார்த்தாள். அம்மா தட்டைப் பார்த்தாள். தட்டு மாறியாகிவிட்டது.

இந்த இனத்தாரின் விசேஷம், தாங்கள் இந்த இனம் என்பது அவர்களுக்குத் தெரியாது. நீங்கள் அப்படியில்லை என்கிறீர்களா? ரொம்ப நல்லது. ஆனால் இதைப் படித்து வரும்போதே, 'நம் நாட்டு நிலக்கரிக்கு வயது அதைவிடக் குறைவாயிற்றே, நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி அதைவிடவும் இளசாயிற்றே, இதையெல்லாம் எழுதாமல் விட்டுவிட்டாரே' என்று நாக்கு அரித்ததா? அரித்திருந்தால், உங்கள் வீட்டில் இப்போதெல்லாம் யாரும் உங்களிடம் மணி என்ன என்றுகூடக் கேட்பதில்லையே, ஏன் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.