பதினேழு பேருக்குப் பின்னால்

கழிப்பறைத் தாழ்ப்பாள் சிக்கிக்கொண்ட நேரத்தில் ஜெயஷீலா பந்தயத்தில் ஏழாவது இடத்தில் இருந்தாள்.

பெண்களுக்கான இருபத்தொரு கிலோமீட்டர் ஓட்டம். மொத்தம் பதினெட்டுப் பேர்; வழிகாட்ட முன்னால் ஒரு பைலட் பைக். தெம்பாக இருக்கட்டும் என்று புருஷன் தாணு விடியற்காலையில் இரண்டு தம்ளர் பீட்ரூட் சாறு கொடுத்திருந்தான். மூன்றாவது கிலோமீட்டரிலேயே வயிறு கலக்கியது. தம்பானூர் தாண்டி ஒரு பெட்ரோல் பங்கைக் கண்டதும் உள்ளே பாய்ந்தாள். பாய்வது சுலபமாக இருந்தது. வெளியே வரத்தான் முடியவில்லை.

"ஆராவது இருக்கியளா? கதவு தொறக்க மாட்டேங்கு!"

பங்கில் கூட்டிப் பெருக்கும் பூமாரி ஓடிவந்தாள். "தள்ளுங்கக்கா!"

தள்ளினாள். தாழ்ப்பாள் இன்னும் இறுகியது.

"அப்போ இழுங்க!"

இழுத்தாள். கைப்பிடி கையோடு வந்துவிட்டது. முழங்கையால் ஓங்கி இடித்தாள். கைக்கடிகாரம் சுவரில் மோதிக் கண்ணை மூடியது. கடைசியில் பூமாரி வெளியிலிருந்து விட்ட ஒரே உதையில், கதவு கீலோடு பெயர்ந்து ஜெயஷீலாவின் மேலேயே சாய்ந்தது.

"எல்லாரும் போயிட்டாவளா?"

"ரோட்டுல ஒரு ஈ காக்கா இல்லக்கா."

ஆக, பதினேழு பேரும் முன்னால்.

ஜெயஷீலாவுக்கு முப்பத்தைந்து வயது. பதினைந்து வருஷமாக ஓடித்தான் சோறு. இன்றைக்கு ஒரு மணி பதினாறு நிமிடத்துக்குள் முடித்தால் ஆபீஸ் அணியில் இடம். இல்லாவிட்டால் திங்கட்கிழமை முதல் தபால் பிரிக்கும் மேஜை என்று மேனேஜர் ராஜமணி சொல்லிவிட்டார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினாள்.

வலியசாலையில் ஒரு மாமி கோலம் போட்டுக்கொண்டிருந்தாள்.

"மாமி, ஓடுறவங்க இந்தப் பக்கமா போனாங்களா?"

"இப்பத்தானே ஒரு கூட்டம் அந்தண்டை திரும்பித்து!"

வேகத்தைக் கூட்டினாள். திருப்பத்தில் கூட்டத்தைப் பிடித்தும் விட்டாள். பஜனை கோஷ்டி. ஜால்ராவை நிறுத்தாமலே அவளுக்கு வழிவிட்டார்கள்.

சாலையில் வெள்ளை அம்புக்குறி ஒன்று தெரிந்தது. போன வருஷத்து அம்பாக இருக்குமோ? இருந்தாலும் அந்தப் பக்கமே திரும்பினாள். தண்ணீர் மேஜையில் ஆளில்லை. பாட்டில்கள் மட்டும் அடுக்கினபடி இருந்தன. எல்லாரும் கடந்துவிட்டார்கள் என்று கிளம்பிப் போயிருப்பார்கள். தன்னை ஒரு கணக்கிலேயே சேர்க்கவில்லை என்று ஆத்திரம் வந்தது.

அந்த ஆத்திரம் காலுக்கு இறங்கியது. பன்னிரண்டாவது கிலோமீட்டருக்கு மேல் மேனேஜர் மறந்துபோனார், மேஜை மறந்துபோனது. இருபது வயதில் ஓடிய மாதிரி மூச்சு சீராக வந்தது. கடைசியாகப் போனாலும் நடந்து வந்தாள் என்று ஒருத்தரும் சொல்லக்கூடாது.

ஸ்டேடியத்துக்குள் நுழைந்ததும் செண்டை மேளம் முழங்கியது. கடைசி ஆளுக்கும் இவ்வளவு இரக்கமா என்று கூசிப்போய் ஓடினாள். நெஞ்சில் ரிப்பன் அறுந்தது. நிமிர்ந்து பார்த்தாள். பெரிய கடிகாரத்தில் ஒரு மணி, பதினான்கு நிமிடம், ஐம்பது நொடி.

ராஜமணி மூச்சிரைக்க ஓடிவந்தார். "ஷீலா! உன் ஆயுசிலயே இதாம்மா பெஸ்ட்டு! முதலிடம்!"

ஜெயஷீலா கடிகாரத்தை இன்னொரு முறை பார்த்தாள். இந்த வயதில் இப்படி ஒரு நேரமா? நெஞ்சில் குத்தியிருந்த நம்பர் அட்டையைக் கழற்றி அவர் கையில் வைத்தாள்.

"எனக்கு இது வேண்டாம் சாரே. நான் வழி தப்பிட்டேன். பங்கை விட்ட பிறவு ஓடுற ஒரு ஆளையும் காணல்ல. எங்கயோ குறுக்கு வழியில வந்திருக்கேன்."

ராஜமணியின் முகம் தொங்கிப்போனது. செண்டைக்காரர்கள் கோலை இறக்கினார்கள்.

நேரம் குறிக்கும் மேஜையிலிருந்து, போனைக் காதில் வைத்தபடியே ஷிஜா என்ற பெண் எழுந்து வந்தாள். சிரிப்பை அடக்க முடியாமல் அந்த அட்டையை வாங்கி ஜெயஷீலாவின் நெஞ்சில் திரும்பக் குத்தினாள்.

"சேச்சி ஓடினதாக்கும் சரியான வழி, பைலட் பைக்குக்காரன் பின்னால போன மத்த பதினேழு பேரும் இப்போ ஏர்போர்ட்டு வாசல்ல நின்னு, இங்க வர வழி கேக்காங்க!"