அம்சவேணிக்கு ஒரு வியாதி

எனக்கு என்ன வியாதி இருந்தால் பொருத்தமாக இருக்கும்? ஆஸ்துமா என்றால் மூச்சு இழுத்துக் காட்டச் சொல்வார்கள். முட்டிவலி என்றால் நொண்ட வேண்டும், பாதியில் மறந்துபோகும். அம்சவேணி யோசித்துக்கொண்டே நின்றாள்.

"சுகர்னு வெச்சுக்க," என்றார் டாக்டர் ராமலிங்கம். "உன் மூஞ்சிக்கு அதான் சரி. சும்மா உக்காந்தா போதும்."

ஆம்பூரில், தோல் பதனிடும் டேனரிகளுக்கு நடுவே இருந்த அந்தக் கிளினிக்கில் பல வருடமாக அவள்தான் நர்ஸ். ஊசி, கட்டு, தையல் எல்லாம் அவள் கைதான். சான்றிதழ் மட்டும் கிடையாது. யாராவது கேட்டால், "கூட ஒத்தாசைக்கு இருக்கற பொண்ணு" என்பார் டாக்டர்.

முன்பெல்லாம் ஆய்வுக்கு வருகிறவர்கள் தேதி சொல்லிவிட்டு வருவார்கள். ஃபைலைப் புரட்டி, இளநீர் குடித்துவிட்டுப் போவார்கள். அன்றைக்கு அவளுக்கு லீவு. இப்போது முறை மாறிவிட்டது. சொல்லாமல் வருவார்களாம், நோயாளிகளிடமே நேராகக் கேட்பார்களாம். பதிவில்லாத நர்ஸ் இருந்தால் கிளினிக்குக்குப் பூட்டு. பூட்டினால் இந்த வயதில் அவளை ஷூ கம்பெனியில்கூட எடுக்க மாட்டார்கள்.

டாக்டர், குடியாத்தத்திலிருந்து சான்றிதழுள்ள நர்ஸ் சௌம்யாவை ஒரு வாரத்துக்கு இரவல் வாங்கினார். சௌம்யாவுக்கு எந்தச் சாமான் எங்கே இருக்கிறது என்று தெரியாது. அதனால் அம்சவேணி நோயாளியாக பெஞ்சில் உட்கார்ந்து கண்ஜாடை காட்ட வேண்டும்.

காலையில், வாணியம்பாடியில் ஆய்வு வண்டியைப் பார்த்ததாகப் போன் வந்தது. டாக்டர் பெஞ்சைப் பார்த்தார். முதல் ஆளாகப் பச்சையப்பன், குரோம் தண்ணீர் அரித்த கைகளை மடியில் மலர்த்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தக் கைகளைக் காட்டினால் ஆய்வுக்கு வரும் மேடம் கேட்பார்கள். கேட்டால் அவர் சொல்லிவிடுவார், ஒரு ஊசி போட்டு அன்றைக்கே வேலைக்கு அனுப்பிவிடுகிறார்கள் என்று.

"டேனரி ஆளுங்க எல்லாரும் நாளைக்கு வாங்க."

"நாளைக்கும் இதே கைதான் சார்," என்று எழுந்து போனார் பச்சையப்பன்.

அம்சவேணியைத் தவிர பெஞ்சு காலியானது. காலி பெஞ்சு இன்னும் மோசம். டாக்டர் போன் போட்டதும் ஷூ கம்பெனி சூப்பர்வைசர் நவீத், தையல் ஹாலிலிருந்து நாலைந்து பெண்களை அனுப்பிவைத்தான். "ஷூ வாங்கற ஃபாரின்காரன் கம்பெனிய ஆடிட் பண்ண வந்தா எப்பவும் இவங்கதான் சார் பதில் சொல்றது. நல்ல பழக்கம்," என்றான்.

ஆய்வாளர் ஹேமலதா வந்ததும் நேராகப் பெஞ்சுக்குப் போனார். முதலில், தையல் ஹாலிலிருந்து வந்த பில்கிஸ்.

"இங்க எப்படிம்மா பாத்துக்கறாங்க?"

பில்கிஸ் எழுந்து நின்றாள். "ஓவர்டைம் எங்க இஷ்டம்தான் மேடம். பதினெட்டு வயசுக்குக் கம்மியா இங்க யாரும் இல்ல. தீ புடிச்சா அந்தப் பக்கம் கதவு இருக்கு."

ஹேமலதா அந்தப் பக்கம் திரும்பினார். சுவரில் காலண்டர் இருந்தது.

"ஜுரம் மேடம், உளறுது," என்றார் டாக்டர்.

"அப்ப ஜுரம் பாருங்க."

சௌம்யா தெர்மாமீட்டரைத் தேடினாள். முதல் டிராயரில் டீ கிளாஸ் இருந்தது. அலமாரியில் டாக்டரின் மஃப்ளர். அம்சவேணி கண்ணைக் காட்டினாள், தாடையைக் காட்டினாள். பொறுக்க முடியவில்லை.

"ரெண்டாவது டிராயரு."

ஹேமலதா திரும்பினார். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பழைய பேஷண்ட் மேடம்," டாக்டர் குறுக்கே வந்தார். "ரெண்டு வருஷமா சுகருக்கு என்கிட்டதான்."

"அப்படியா. இவங்களுக்கு இப்ப சுகர் பாத்துக் காட்டுங்க."

சௌம்யா விரலில் குத்தினாள். எண் வந்தது. நானூற்று அறுபது.

டாக்டர் சிரித்தார். "மெஷின் பேஜார் மேடம்."

"இன்னொருத்தருக்குப் பாருங்க."

பில்கிஸுக்கு நூற்றுப் பத்து. மெஷின் நன்றாகத்தான் இருந்தது.

அம்சவேணி தன் விரல் நுனியில் நின்ற சொட்டைப் பார்த்தாள். தண்ணி ஜாஸ்தி குடிக்கிறீங்களா, பாதம் மரத்துப்போகுதா என்று தினமும் எத்தனை பேரிடம் கேட்டிருக்கிறாள். தன் தாகத்தை வெயில் என்று நினைத்தாள். மரத்த கால்களை, நின்றே வேலை செய்த கால்கள் என்று நினைத்தாள். ஒவ்வொரு நாளும் எதிரே உட்கார்ந்து டீ குடித்தவர் ஒரு டாக்டர். அவளுக்கு அழுகை வரவில்லை.

"ரெண்டு வருஷம் நீங்க பாத்தும் நானூத்தி அறுபதா?"

"மாத்திரைய ஒழுங்கா போட்டாத்தானே மேடம். இவங்க எல்லாம் அப்படித்தான்."

"என்ன மாத்திரை குடுத்தீங்க? ரெண்டு வருஷச் சீட்டைக் காட்டுங்க."

அப்படி ஒரு சீட்டே கிடையாது. நர்ஸ் விஷயம் என்றால் பூட்டு. பூட்டைத் திறந்துவிடலாம். வைத்தியத்தில் கோளாறு என்று எழுதினால் டாக்டர் என்ற பேரே போய்விடும். டாக்டர் கணக்குப் போடுவது அம்சவேணிக்கு முகத்திலேயே தெரிந்தது.

"உண்மையச் சொல்லிடறேன் மேடம். இவ பேஷண்டே இல்ல. என் ஸ்டாஃப். இத்தன வருஷமா இந்தக் கிளினிக்குக்கு இவதான் நர்ஸ்."

எத்தனையோ நாள் அவள் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை. அந்நிய வீட்டுக் கல்யாணத்தில் யாரோ தன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டதுபோல இருந்தது.

"நெஜமாம்மா?" என்றார் ஹேமலதா.

"சொல்லு அம்சா. நர்ஸுன்னு சொல்லு. நான் இருக்கேன் இல்ல." டாக்டரின் குரல் கெஞ்சியது.

அம்சவேணி எழுந்திருக்கவில்லை. புடவைத் தலைப்பில் விரலைத் துடைத்துக்கொண்டாள்.

"பேஷண்டுதான் மேடம்," என்றாள். "இன்னிக்குத்தான் மொதல் தடவையா காட்ட வந்திருக்கேன்."