கதாநாயகி சொன்ன ‘ஹவ்’

ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை. கல்யாணத்துக்கு முன் ஆண்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் மாத நாவல்களில் படித்ததுதான். கதாநாயகன் ஆறடி உயரம் இருப்பான். கோபம் வந்தால் காரை வேகமாக ஓட்டுவான். ஹைடெக் சிட்டியில் என்னோடு வேலை பார்த்தவர்கள், கோபம் வந்தால் மேனேஜரையும் சேர்த்து மெயில் போட்டார்கள். (நானும் போட்டிருக்கிறேன்.)

மெட்டுகுடாவிலிருந்து ஆபீசுக்குக் கம்பெனி வண்டியில் ஒன்றரை மணி நேரம். அவ்வளவும் நாவல். முதல் பக்கத்தில் முறைத்துக்கொள்கிறவர்கள் கடைசிப் பக்கத்தில் சேர்ந்துவிடுவார்கள் என்று தெரிந்தே படிப்பதில் ஒரு சுகம் இருக்கிறது பாருங்கள், அடடா! ஆபீஸில் எதுவும் அப்படி முடிவதில்லை. படித்துப் படித்து எழுதும் ஆசையும் வந்தது. எழுதியதைச் சென்னைப் பத்திரிகை ஒன்று ஏற்றுக்கொண்டது.

கடைசிக் காட்சியில் கதாநாயகன் கேட்கிறான், “என்னைக் கல்யாணம் செய்துகொள்வாயா?” கதாநாயகி கண் கலங்க, “ஹவ்” என்கிறாள். முற்றும்.

நாங்கள் மூன்று தலைமுறையாகச் செகந்திராபாத். எங்கள் வீட்டுத் தமிழில் ‘ஹவ்’ என்றால் ‘ஆமாம்’. அது உருதுக்காரர்களிடம் வாங்கிய சொல் என்பதே அன்று எனக்குத் தெரியாது. சென்னை ஆசிரியரோ அதை ஆங்கிலம் என்று நினைத்து, என்மேல் இரக்கப்பட்டு, நல்ல தமிழாக்கி அச்சிட்டுவிட்டார்.

“எப்படி?” என்றாள் அவள், கண் கலங்க. முற்றும்.

சரியாக அந்த நேரத்தில்தான் சாமின் வரன் வந்தது. பாளையங்கோட்டைப் பையன், இங்கே சாஃப்ட்வேர் வேலை. சர்ச் வாசலில் ஒரு தடவை பேசினோம். ஐந்தடி ஐந்து அங்குலம். கார் கிடையாது. சொல்வதற்கென்ன, எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஆனால் அவன் அம்மா ஊரிலிருந்து வந்து பார்த்து, அவர் சரி என்றால்தான் கல்யாணம். அந்த அம்மா மாத நாவல் ஒன்றுவிடாமல் வாசிப்பவர் என்று கேள்விப்பட்ட அப்பா, பெருமை தாங்காமல் என் புத்தகத்தைத் தபாலில் அனுப்பிவைத்தார்.

சாமோடு வீட்டுக்கு வந்தவர் கைப்பையிலிருந்து அதைத்தான் முதலில் எடுத்தார்.

“கத நல்லா எழுதியிருக்கம்மா. ஒரே மூச்சுல வாசிச்சிட்டேன். ஆனா கடைசியில அந்தப் பிள்ள ஏன் அப்படிக் கேட்டுட்டு? அந்தப் பையன்கிட்ட என்ன கொற?”

“அது வந்து ஆன்ட்டி…” என்று ஆரம்பித்தேன். அம்மா குறுக்கே காபியை நீட்டினாள்.

“சரி, அது கத. நீ சொல்லு. எம் மவன ஒனக்குப் பிடிச்சிருக்கா?”

எத்தனை கதாநாயகிகள் இந்தக் கேள்விக்குத் தலைகுனிந்து பதில் சொல்லியிருக்கிறார்கள்! நானும் தலைகுனிந்தேன். கண் கலங்கியது.

“ஹவ்” என்றேன்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். மகனைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பினார்.

“நீயுமா?”

சாம் நாற்காலியிலேயே நிமிர்ந்து உட்கார்ந்து உயரமாகத் தெரியப் பார்த்தான். அப்பா பதறி எழுந்தார். “ஐயோ, நக்கோம்மா, அப்படியில்ல! தப்பா எடுத்துக்காதீங்க. ஹவ்னா ஹவ்தான்!” (இதைவிடத் தெளிவாக யாரால் சொல்ல முடியும்?)

“யம்மா, இங்க ஹவ்னா ஆமாம்னு அர்த்தம்” என்றான் சாம்.

அந்த அம்மா லேசில் நம்புகிறவர் இல்லை. யோசித்துவிட்டு, என் அம்மாவிடம் திடீரென்று கேட்டார். “காபியில சீனி போட்டீங்களா?”

“ஹவ்” என்றாள் அம்மா, வெள்ளந்தியாக.

ஒரு வாய் குடித்துப் பார்த்தார். இனித்தது. “அப்பச் சரி” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இப்போது அத்தை எங்களோடுதான் இருக்கிறார். என் நாவல்களின் கடைசிப் பக்கம் அவர் பார்வைக்குப் போகாமல் சென்னைக்குப் போகாது. போன வாரம் பாளையங்கோட்டையிலிருந்து அவர் தங்கை போன் செய்தார்.

“சாப்பிட்டாச்சாக்கா?”

“ஹவ்” என்றார் அத்தை.

தங்கை போட்ட சத்தம் பக்கத்திலிருந்த எனக்கே கேட்டது.

“எப்படின்னா கேக்க? வாயாலதான்!”