தூங்காத சிங்கத்துக்குப் பேனர் வேண்டாம்

ஆம்பூர்,
ஆவணி 12, வியாழக்கிழமை.

திமிரியில் வாழும், என் அக்காளைக் கட்டியதால் எனக்குத் தகப்பன் ஸ்தானத்துக்கு வந்துவிட்ட மாமா அவர்களின் சமூகத்துக்கு, மைத்துனன் தணிகைவேல் கும்பிட்டு எழுதுவது.

இங்கே நானும் தனபாக்கியமும், என் வலது முழங்காலைத் தவிர மற்ற எல்லா உறுப்புகளோடும் சுகமாக இருக்கிறோம். அங்கே அக்காளின் மூட்டுவலியும், தங்கள் சர்க்கரையும், புதிதாக வாங்கிய கறவை மாடும் அவரவர் அளவில் அடக்கமாக இருக்க வேண்டுகிறேன். போனில் சொல்லக்கூடிய விஷயத்தை இவன் ஏன் ரிஜிஸ்டர் தபாலில் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். போனில் தாங்கள் பேசுவீர்கள், நான் கேட்பேன், பிறகு தாங்கள் வைத்துவிடுவீர்கள். மேலும் பதினான்கு வருடம் கோர்ட்டுக்கு நடந்ததில் எனக்கு ஏறிய படிப்பு இதுதான்: எதையும் எழுத்தில் கொடு, ஒப்புகை அட்டை வாங்கு, நகல் வைத்துக்கொள். இந்தக் கடிதத்துக்கும் நகல் எடுத்து டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறேன்.

விஷயம் என்னவென்றால், மேற்படி வழக்கில் எனக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்ததை முன்னிட்டு, ஆவணி 22 ஞாயிறு அன்று தங்கள் வீட்டு வாசலில் பந்தல் போட்டு, மேளம் வைத்து, எனக்கு மாலை மரியாதை செய்யப்போவதாகச் சொன்னீர்கள். அதோடு பன்னிரண்டுக்கு எட்டு அடியில் பேனர். அதில் என் ரேஷன் கார்டு போட்டோவுக்குப் பின்னால் ஒரு சிங்கம், கீழே ‘முதலாளி வர்க்கத்தின் தூக்கம் கெடுத்த தூங்காத சிங்கமே’ என்று எழுத்து. தாங்கள் மைக் பிடித்து, கம்பெனி சார்பில் கோர்ட்டுக்கு வந்த ரஃபி அகமதை வாங்கு வாங்கென்று வாங்கப்போவதாகவும் சொன்னீர்கள். மாமா, எந்தவித நிர்ப்பந்தமும் இன்றி, சுயநினைவோடு, தங்கள் காலைத் தொட்டுக் கேட்கிறேன். இந்த விழாவை நிறுத்த வேண்டும். அது நடந்தால் ரஃபி அகமது முகத்தில் நான் இந்த ஜென்மத்தில் விழிக்க முடியாது.

நடந்தது தங்களுக்குத் தெரியும். ஆனால் தாங்கள் ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் அதை ஒவ்வொரு மாதிரி சொல்லிவருவதால், கோர்ட்டில் பதிவானபடி எழுதுகிறேன். 2011 ஆடி மாதம். கம்பெனியில் எனக்கு ஃபினிஷிங் பிரிவு. பதப்படுத்தி வந்த தோலுக்குச் சாயம் ஸ்பிரே அடித்து, பிரஸ் மெஷினில் வைத்து டிசைன் அழுத்துகிற இடம். அந்த மாதம் முழுக்க முதலை டிசைன். உள்ளே போவது ஆட்டுத்தோல், வெளியே வரும்போது முதலை மாதிரி செதில் செதிலாக இருக்கும். வெளிநாட்டில் பெண்கள் அதில் கைப்பை மாட்டிக்கொள்வார்களாம். ஸ்பிரே புகை வெளியே போக அங்கே ஃபேன் கிடையாது, எல்லாருக்கும் கண் எரிச்சல், இருமல். பதினோரு பேர் கையெழுத்துப் போட்டு ஃபேக்டரி இன்ஸ்பெக்டருக்கு மனு அனுப்பினோம், முதல் கையெழுத்து என்னுடையது. மனு போன ஒன்பதாம் நாள், மத்தியானம் மூன்று மணிக்கு, அடுக்கி வைத்த தோலின்மேல் குனிந்து டிசைன் சரியாக அழுந்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். புகையில் கண் எரிந்ததால் கொஞ்சம் மூடினேன். அந்த நேரம் பார்த்துச் சூப்பர்வைசர் அருணகிரி வந்து, ‘வேலை நேரத்தில் தூங்கினார்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டார். இதுதான் எங்கள் தரப்பு. பதினான்கு வருடமாக ஒரு எழுத்து மாறாமல் இதையே சொல்லிவருகிறேன்.

அன்றைக்கே என்னைப் பர்சனல் ஆபீசர் ரூமுக்கு அழைத்துப்போனார்கள். அந்த ஆபீசர்தான் ரஃபி அகமது, மேல்விஷாரத்துக்காரர். என்னை எதிரில் உட்காரவைத்து, கொஞ்ச நேரம் முகத்தையே பார்த்தார். பிறகு ரிப்போர்ட் எழுதினார். நான்கு நாள் கழித்து ஒரு மன்னிப்புக் கடிதத்தை டைப் அடித்து நீட்டினார். இதில் கையெழுத்துப் போட்டால் திங்கட்கிழமை வேலைக்கு வரலாம், முதலாளி சொல்லிவிட்டார் என்றார். நான் போடவில்லை. அப்போது தாங்கள் ஆம்பூர் வந்து, ‘தூங்கினேன்னு எழுதிக் குடுத்துட்டுப் போடா, தூங்காத மனுசன் எவன் இருக்கான்’ என்று என்னைத் திட்டியதும், நான் வீம்பாக நின்றதும், அக்காள் அழுததும் தங்களுக்கு ஞாபகம் இருக்கும். வேலை போனது. ஊரில் எனக்கு ‘ஸ்லீப்பர் தணிகை’ என்று பெயர் வந்தது. ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கிறது? ஹரிணியைப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட, ‘தூக்கத்துல வேலய வுட்டவர் பொண்ணா’ என்று கேட்டுவிட்டுத்தான் காபி குடித்தார்கள்.

லேபர் ஆபீசர் என்னையும், கம்பெனி சார்பில் வந்த ரஃபி அகமதையும் வைத்துச் சமரசம் பேசினார். நான்கு தடவை பேசியும் முடியவில்லை என்று எழுதிக் கொடுத்தார், வழக்கு லேபர் கோர்ட்டுக்குப் போனது. வக்கீல் பிரிசில்லா அம்மா எனக்காக நின்றார்கள். தாமதத்துக்கு யாரையும் குறை சொல்ல மாட்டேன். ஒரு தடவை எங்கள் வக்கீலுக்குப் பிரசவம், ஒரு தடவை அவர்கள் வக்கீலுக்குக் கண் ஆபரேஷன், நடுவில் கொரோனா. வழக்குப் போட்டபோது வயிற்றில் இருந்த பிரிசில்லா அம்மாவின் பிள்ளை இப்போது எட்டாம் வகுப்பு படிக்கிறான். நான் இந்தப் பக்கம் ஒரு சின்ன யூனிட்டில் ஷூவுக்குத் தோல் வெட்டிக்கொண்டு, வாய்தா அன்று மட்டும் லீவு போட்டுவிட்டு வேலூர் போவேன்.

முதல் இரண்டு வருடம் நானும் ரஃபி அகமதும் பேசிக்கொள்ளவில்லை. ஒரே பஸ்ஸில் ஏறுவோம், அவர் முன்னால், நான் பின்னால். மூன்றாம் வருடம் ஒரு முகூர்த்த நாளில் பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை. அவர் பக்கத்து சீட்டில் துண்டைப் போட்டுவிட்டு, பின்னால் திரும்பிக் கூப்பிட்டார்.

“ஏம்பா மனுதாரரே, வா. உக்காந்தா கேஸு ஒண்ணும் வீக் ஆவாது.”

அன்று தொடங்கியது மாமா. அதற்குப் பிறகு வாய்தா தேதி வந்தால் எனக்குத் தீபாவளி மாதிரி. முதல் நாளே தனபாக்கியம் சட்டையை இஸ்திரி போட்டு வைப்பாள். பஸ் ஸ்டாண்டில் அவர் எனக்கு முன்னால் வந்து நிற்பார். எப்போதும் என்னை ஜன்னல் பக்கம் விடமாட்டார், தான் ஜன்னலோரம் என் இடது கைப் பக்கமாகவே உட்காருவார், அது என்ன பழக்கமோ. ஊருக்குப் போய் வந்தால் ஆற்காட்டு மக்கன் பேடா கொண்டுவருவார். எதிர்க்கட்சி கொடுத்ததைத் தின்னலாமா என்று பிரிசில்லா அம்மாவிடமே கேட்டேன், சட்டத்தில் தடையில்லை என்று சொல்லி அவர்களும் ஒன்று எடுத்துக்கொண்டார்கள். கோர்ட் வாசல் வேப்பமரத்தடியில் இருவரும் டீ குடிப்போம். உள்ளே பெயர் கூப்பிட்டால் போய் எதிரெதிராக நின்று, அவர் என்னைச் சோம்பேறி என்பார், நான் அவரைத் தொழிலாளர் விரோதி என்பேன். வெளியே வந்து மீதி டீயைக் குடிப்போம். நான் அவரைச் சார் என்று கூப்பிட்டது போய் பாய் என்று ஆனதும் அந்த மரத்தடியில்தான். அவர் சம்சாரம் தவறியபோது மேல்விஷாரத்துக்கு நான் போய் மூன்று நாள் இருந்தேன். ஹரிணி கல்யாணத்தில் அவர்தான் பந்தி விசாரித்தார். பந்தியில் தாங்களே அவரிடம் இன்னொரு கரண்டி பாயசம் கேட்டு வாங்கிக் குடித்தீர்கள், யார் என்று தெரியாமல்.

இப்போது தாங்கள் மைக்கில் திட்டப்போகும் ஆள் சாட்சிக் கூண்டில் என்ன செய்தார் என்று கேளுங்கள். அருணகிரி வேறு மாநிலத்துக்கு வேலைக்குப் போய்விட்டதால் சாட்சி சொல்ல வரவில்லை. கம்பெனிக்கு ஒரே சாட்சி ரஃபி பாய்தான். பிரிசில்லா அம்மா குறுக்கு விசாரணையில், இவர் தூங்கியதை நீங்கள் பார்த்தீர்களா என்று கேட்டார்கள். என் ரூமுக்கு வரும்போது அவருக்குக் கண் திறந்துதான் இருந்தது என்றார். அம்மா அதோடு விட்டிருக்கலாம். தூங்கியதற்கு வேறு அடையாளம் ஏதாவது உண்டா என்றும் கேட்டுவிட்டார்கள். பாய் கண்ணாடியைக் கழற்றினார். கர்சீப்பால் நிதானமாகத் துடைத்தார். என்னைப் பார்த்தார்.

“எழுதணும்னு தோணுனத எல்லாம் அன்னிக்கே ரிப்போர்ட்டுல எழுதிட்டேம்மா,” என்றார். “அதுக்கு மேல சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல.”

அதில்தான் வழக்கு ஜெயித்தது. குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை, வேலைநீக்கம் செல்லாது, ஓய்வு பெறும் வயது வரை பணியில் இருந்ததாகக் கருத வேண்டும் என்று தீர்ப்பு. எனக்கு ஐம்பத்தெட்டு போன வருடமே முடிந்துவிட்டதால், கேட்டுக்குள் கால் வைக்காமலே வேலைக்குச் சேர்ந்து ரிட்டயரும் ஆகிவிட்டேன். கம்பெனியும் அப்பீல் போகவில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன் மாமா, வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து, ஸ்பிரே ரூமில் இரண்டு எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டவைத்துவிட்டார். அந்தத் தெருவில் போகும்போது காம்பவுண்டுக்கு வெளியே நின்று அந்தச் சத்தத்தைக் கேட்பேன். தீர்ப்பைவிட எனக்கு அந்தச் சத்தம்தான் பிடித்திருக்கிறது.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், ரஃபி பாய்க்கு ஓய்வு பெறும் வயது தாண்டி ஆறு வருடம் ஆகிறது. இந்த ஒரு கேஸைப் பார்ப்பதற்காகவே கம்பெனி அவரை வைத்திருந்தது. தீர்ப்பு வந்த மறுவாரம், இனி வரவேண்டாம் என்று போனில் சொல்லிவிட்டார்கள். முப்பத்து நான்கு வருடம் இருந்தவருக்கு ஒரு காகிதம்கூட இல்லை. எனக்கு வந்த கோபத்தில், விடக்கூடாது பாய், மனுப் போடுவோம், நானே எழுதுகிறேன், தேதியெல்லாம் எனக்கு அத்துப்படி என்று அவரைப் பிரிசில்லா அம்மாவிடம் இழுத்துப்போனேன். அம்மா புத்தகத்தைப் புரட்டிவிட்டு, நிர்வாகப் பொறுப்பில் இருந்தவர் சட்டப்படி தொழிலாளி ஆகமாட்டார், லேபர் கோர்ட்டில் இவருக்கு இடமில்லை என்றார்கள். பாய் சிரித்தார்.

“பாத்தியா தணிகா, காலையில எட்டு மணிக்கு உனக்கு முன்னாடி கேட்டுல நின்னவன் நானு. தொழிலாளி நீதானாம்.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. போன சனிக்கிழமை அவர் ஆம்பூர் வீட்டைக் காலி செய்துவிட்டு மேல்விஷாரத்துக்கே போய்விட்டார். இந்த மாதம் வாய்தா இல்லை. அடுத்த மாதமும் இல்லை. நேற்று பழக்க தோஷத்தில் தனபாக்கியம் சட்டையை இஸ்திரி போட்டு வைத்துவிட்டாள். அதைப் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை போய், ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன். ஜெயித்தவன் வீடு இப்படித்தான் இருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை மாமா.

ஆகையால் பந்தல்காரருக்கும் மேளக்காரருக்கும் தயவுசெய்து சொல்லிவிடவும். அதற்குப் பதிலாக அந்த ஞாயிற்றுக்கிழமை நான் திமிரிக்கு வருகிறேன். நாம் இரண்டு பேரும் மேல்விஷாரம் போய் அவரைப் பார்த்துவிட்டு வருவோம். அந்த மாலையை அவருக்குப் போடலாம், மைக் இல்லாமல். பேனர் ஏற்கெனவே அடித்துவிட்டீர்கள் என்றால் கவலை இல்லை, வைக்கோல் போர் மேல் போட உதவும். சிங்கம் மட்டும் கீழ்ப்பக்கமாக இருக்கட்டும்.

அக்காளுக்கு என் அன்பும், பேரப்பிள்ளைகளுக்கு எங்கள் ஆசியும், கறவை மாட்டுக்கு ஒரு தட்டும் கொடுக்கவும். தங்கள் கோபம் தணியவும், சர்க்கரை குறையவும் வள்ளிமலை முருகன் துணையிருப்பான்.

தங்கள் உண்மையுள்ள, என்றும் உண்மையையே பேசும்,
தணிகைவேல்

பி.கு.: கடிதத்துக்குத்தான் நகல் இருக்கிறது, இந்தப் பி.கு.வுக்கு இல்லை. படித்ததும் கிழித்து அடுப்பில் போட்டுவிடவும். அக்காளிடம்கூடச் சொல்ல வேண்டாம்.

மாமா, அன்றைக்கு நான் தூங்கித்தான் போனேன். முதல் நாள் ராத்திரி ஷிஃப்ட் முடித்து, மாற்று ஆள் வராததால் பகல் ஷிஃப்டும் பார்த்தேன். பதினேழு மணி நேரம் நின்ற கால். தோல் அடுக்கு இளஞ்சூடாக, தலையணை மாதிரி இருந்தது. சாய்ந்ததுதான் தெரியும். அருணகிரி தட்டி எழுப்பியபோது கண்ணாடியில் பார்த்தேன், என் இடது கன்னம் முழுக்க முதலைச் செதில். அந்த முகத்தோடுதான் ரஃபி பாய் எதிரில் போய் உட்கார்ந்தேன். நான்கு நாள் கழித்து அவர் நீட்டிய மன்னிப்புக் கடிதத்தில் இரண்டு வரி இருந்தது. ஒன்று, நான் தூங்கினேன். இரண்டு, புகையால் கண் எரிகிறது என்று நாங்கள் போட்ட மனு பொய். முதல் வரி நிஜம், இரண்டாவது பொய். இரண்டுக்கும் சேர்த்துக் கீழே ஒரே கையெழுத்துக்குத்தான் இடம் விட்டிருந்தார்கள். அதனால்தான் போடவில்லை. வேண்டாம் என்று தாளைத் திருப்பி வைத்தபோது, பாயும் அந்த இரண்டாவது வரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

கன்னத்தைப் பற்றி அவர் ரிப்போர்ட்டில் எழுதவில்லை, கூண்டில் சொல்லவில்லை, இத்தனை வருடம் பஸ்ஸில் என் இடது பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. போன சனிக்கிழமை பெட்டியை ஏற்றிவிட்டு, ஜன்னல் பக்கம் போய் நின்றேன். பஸ் கிளம்பும்போது கையை நீட்டி, என் இடது கன்னத்தை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார்.

“போயிடுச்சா?” என்றார்.

“போயிடுச்சு பாய்,” என்றேன்.