ஜப்பான்காரன் நடத்திவைத்த கல்யாணம்

மாதா கோயிலில் கீபோர்டு வாசிப்பவனை ஊர் சந்தேகப்படுவதே இல்லை. கடலூரில் எங்கள் பங்குக் கோயிலில் ஞாயிறு பூசைக்கு வாசிப்பவன் நான். சிப்காட் ஷிப்ட் பஸ்ஸில் இயர்போனை மாட்டிக் கண்ணை மூடினால், ஞானப்பாட்டு கேட்கிறான் என்று பக்கத்து சீட்டுக்காரர் பெருமைப்படுவார். நான் கேட்டுக்கொண்டிருந்தது ஒரு ஜப்பானிய பிளாக் மெட்டல் குழுவை. (அம்மாவுக்கு ஒருமுறை போட்டுக் காட்டினேன். தீர்த்தம் தெளித்தாள். எனக்கில்லை, போனுக்கு.) சாமியை ஏசும் இசை என்று அதற்குக் கெட்ட பெயர். ஜப்பான் மொழியில் ஒரு சொல்லும் தெரியாது, ஆகவே பாவமும் கிடையாது என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன்.

அந்தக் குழு நான் பிறப்பதற்கு முன்பே ஆரம்பித்தது. முகத்தில் வெள்ளையும் கறுப்பும் பூசிக்கொண்டு கத்தும் அந்த ஆட்களுக்கு இப்போது கிட்டத்தட்ட என் அப்பா வயது. பல வருடம் சத்தமே காட்டாமல் இருந்துவிட்டுத் திடீரென்று ஒரு புது ஆல்பம் போட்டார்கள். முதல் பாட்டு ஆர்கனில் மெதுவாக ஆரம்பிக்கும். பிறகு வேகம் ஏறி ஏறிக் கடைசியில் டிரம் இடி இடிக்கும். இத்தனை வயதுக்கு மேல் இவர்களுக்குப் புதிதாக ஒன்று தோன்றியிருக்கிறதே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. தினமும் வீட்டுக் கீபோர்டில் அதை வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் தூங்கினேன்.

அந்த மாதம்தான் தங்கை ஜெசிந்தாவின் கல்யாணம். சிதம்பரத்தில் நர்ஸாக இருந்தாள். மாப்பிள்ளை கதிரவன் புவனகிரிக்காரர், விவசாயக் குடும்பம், இந்து. சிதம்பரம் மாதா கோயிலில் கல்யாணம். ஆயரிடம் அனுமதி வாங்கியாயிற்று, அப்பாவிடம் வாங்குவதுதான் பெரும்பாடாக இருந்தது. ஒருவழியாக இறங்கி வந்தவர், பெண்ணை அப்பா பீடம் வரை கூட்டிவரும் வழக்கத்தில் ஒரு நிபந்தனை போட்டார்.

"கையப் புடிச்சி பாதி கோயில் வரைக்கும்தான் கூட்டியாருவேன். அப்புறம் பெஞ்சில குந்திக்குவேன். மீதிய அவளே நடக்கட்டும்."

"எல்லாரும் பாப்பாங்களேப்பா."

"பாக்கட்டும். அதுக்குத்தான்."

ஜெசிந்தா என்னிடம் ஒன்றுதான் கேட்டாள். "அண்ணே, அந்தப் பாதி தூரமாவது அழகா இருக்கணும். நல்ல பாட்டா மெதுவா வாசி." அவள் அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

கல்யாணத்தன்று இருவரும் வாசலில் வந்து நின்றார்கள். அவள் சிரித்த முகமாக அப்பாவின் கையைப் பிடித்திருந்தாள். அவர் நடுப் பெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே துண்டு போட்டு இடம் பிடித்து வைத்திருந்தார் (பஸ்ஸில் போடுவது போலவேதான்). வாரக்கணக்கில் பழகிய பாட்டு மண்டையை விட்டே போய்விட்டது. விரல்கள் தமக்குத் தெரிந்ததை வாசிக்க ஆரம்பித்தன.

அவர்கள் கொஞ்ச தூரம் நடந்த பிறகுதான் எனக்கே உறைத்தது, பீடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பிளாக் மெட்டல் வாசித்துக்கொண்டிருக்கிறேன் என்று. பாடகர் குழுப் பெண் ஒருத்தி கிசுகிசுத்தாள். "நல்லாருக்குண்ணே, எந்த ஊர்ப் பாட்டு?"

நிறுத்தினால், நிறுத்திய இடத்திலேயே அப்பா உட்கார்ந்துவிடுவார். தொடர்ந்தால், வேகம் எடுக்கும் இடம் வந்துவிடும். கடைசிவரை மெதுவாகவே வாசிக்கலாமே என்று மூளையுள்ள எவனுக்கும் தோன்றியிருக்கும். எனக்குத் தோன்றவில்லை.

வேகம் ஏறியது. அப்பா இளவயதில் தேர்பவனி பேண்டில் பெரிய டிரம்மை மாட்டிக்கொண்டு அடித்தவர். தாளம் காதில் விழுந்தால் கால் அவர் பேச்சைக் கேட்காது. முன்னால் பூத்தூவிப் போன வாண்டுகள் ஓடத் தொடங்கின. ஜெசிந்தா சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எட்டி நடை போட்டாள். அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, துண்டு போட்ட பெஞ்சைத் தாண்டி, வாயைப் பிளந்த சொந்தக்காரர்களைத் தாண்டி, விர்ரென்று பீடத்தடியில் போய்த்தான் நின்றார். மேல்மூச்சு வாங்கியது. கொஞ்சம் தள்ளாடியவரைக் கதிரவன் ஓடிவந்து தாங்கிப் பிடித்தார்.

"பாத்து மாமா, மெதுவா."

அப்பா திரும்பிப் பெஞ்சைப் பார்த்தார். அது ரொம்ப தூரத்தில் இருந்தது. மகளைப் பார்த்தார். அவள் கையை எடுத்து மாப்பிள்ளை கையில் வைத்தார்.

"திரும்பி நடக்கத் தெம்பு இல்ல" என்றார்.

பிரியாணிப் பந்தியில் என்னைப் பிடித்துக்கொண்டார். "என்னாடா வாசிச்ச?" உண்மையைச் சொன்னேன். பாடியவர்களின் வயதையும் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டே எலும்பைக் கடித்தார்.

அந்தக் கல்யாணத்துக்குச் சம்மதித்ததாக அப்பா இன்றுவரை ஒப்புக்கொண்டதில்லை. யார் கேட்டாலும், "நான் எங்க குடுத்தேன்? ஜப்பான்காரன் இழுத்துக்கிட்டுப் போயி வுட்டான்" என்பார். கதிரவனுக்கு எங்கள் சொந்தத்தில் ஜப்பான் மாப்பிள்ளை என்றே பெயர்.

போன ஞாயிறு அவரும் ஜெசிந்தாவும் புவனகிரியிலிருந்து சாப்பிட வருவதாக இருந்தது. பஸ் தாமதம். எங்களையெல்லாம் உட்காரச் சொல்லிவிட்டு அப்பா மட்டும் தட்டைத் தொடாமல் வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டிருந்தார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"மீன்கொழம்பு ஆறுது. அந்த ஜப்பான்காரனப் போடுடா, மாப்ள வெரசா வரட்டும்."