செவியர் கேட்ட ரத்தம்

ரத்தம் பேசும், தெரியுமா? துணிக்கடை மாடியில் குளிரூட்டிய அறையில் பேசும். ஆளுக்கொரு சீசா ரத்தத்தோடு கூட்டம் முண்டியடிக்கும். ‘குருதிச் செவியர்’ சீசாவைக் காதில் வைப்பார். என்ன நோய், எப்போது தீரும், எல்லாவற்றையும் ரத்தமே அவரிடம் ஒப்பித்துவிடுமாம். பரிசோதனைக்கூடத்து நுண்ணோக்கிக்குக் காது இல்லையே, பாவம்!

லிஃப்ட் மெக்கானிக் ஒருவருக்கு ரத்தப் புற்றுநோய். அடங்கியிருந்த நோய் திரும்பிவிட்டது. புது மருந்து ஒன்றின் ஆய்வில் சேர முடியுமா பார்க்கலாம் என்றார் டாக்டர். மெக்கானிக்கின் அண்ணன் குறுக்கே விழுந்தார். அவர் வங்கி மேலாளர், நிறையப் படித்தவர், ஆகவே எதையும் நம்புவார்.

“உன்னைச் சோதனை எலி ஆக்கப் பாக்குறாங்கடா! செவியர்கிட்ட வா.”

செவியர் கேட்டார். கண்ணீரே விட்டார். “உன் ரத்தம் கதறுதப்பா. ஆய்வுக்குப் போனா உறைஞ்சுடுவேங்குது.”

மெக்கானிக் ஆடிப்போனார். மருத்துவமனைப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. உடம்பெல்லாம் நீலத் திட்டு, ஈறில் ரத்தம். “கெட்டது வெளிய வருது” என்று அண்ணன் பூரித்தார்.

மெக்கானிக்கின் மனைவி அழகு நிலையம் நடத்துபவர். பொறுத்துப் பார்த்தார். அடுத்த முறை சீசாவை அவரே கொண்டுபோய் நீட்டினார்.

செவியர் முகம் மலர்ந்தது. “ஆகா! பாதி நோய் ஓடிடுச்சு. பாடுதும்மா, உன் புருஷன் ரத்தம்!”

“நல்லாக் கேட்டீங்களா சாமி?”

“என் காது தப்பாது!”

மனைவி சீசாவைத் திரும்ப வாங்கினார், மூடியைத் திருகினார், மடமடவென்று குடித்தார். கூட்டம் அலறியது.

“பீட்ரூட் சாறுங்க. காலையில நான்தான் அரைச்சேன்.”

செவியருக்கு வியர்த்தது. பாதிப் பேர் சீசாவோடு இறங்கிப் போனார்கள். மீதிப் பேர், “பீட்ரூட்டுக்கும் உயிர் இருக்குல்ல?” என்று அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள்.

கணவரை மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார் மனைவி; அண்ணனும் கூடவே வந்தார். டாக்டரிடம் மனைவி கேள்விகளை அடுக்கினார்.

“இந்த ஆய்வு நெசம்தானான்னு எப்படித் தெரியும்?”

“இணையத்துல பொதுப் பதிவேடு இருக்கும்மா. நோய் பேரைப் போட்டு நீங்களே தேடலாம். வேற ஊர்ல நடக்குறதும் வரும்.”

“குணமாயிடுமா?”

“தெரியாது. தெரிஞ்சுக்கத்தான் ஆய்வு. பக்கவிளைவு வரலாம். முதல்ல இவருக்குப் பொருந்துமான்னு பரிசோதிக்கணும். சேர்ந்த பிறகும் வேண்டாம்னா எப்ப வேணா விலகலாம். எங்க சிகிச்சை நிக்காது.”

அண்ணன் துள்ளினார். “பாத்தியா, இவருக்கே தெரியலையாம்!”

“அதைச் சொன்ன முதல் ஆள் இவர்தாண்ணே” என்ற மெக்கானிக், பரிசோதனைக்குக் கையை நீட்டினார்.

பொருந்தியது, சேர்ந்தார். மருந்து கேட்கிறதா என்று மாதம் போகப்போகத்தான் தெரியும். பயம் இருக்கிறது. ஆனால் என்ன நடக்கிறது என்று தெரிந்து பயப்படுகிறார்.

செவியர் இரவோடு இரவாகக் காணாமல் போனார். அதே மாடிக்கு இப்போது முகர்ந்தே நோய் சொல்லும் ஒருவர் வந்திருக்கிறார். வரிசை தெருவரை நிற்கிறது. முன்னால் நிற்பது யார் என்கிறீர்களா? வங்கி மேலாளர்தான், விடுப்பு போட்டுவிட்டு! நீங்களும் போவதானால் போங்கள் ஐயா. மூளையை மட்டும் வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டுப் போகாதீர்கள்.